அண்டாவுக்குள் இருந்து வந்த பதில்

"நீங்க சொன்னது சரிப்பட்டு வரலீங்கம்மா."

தாண்டவமூர்த்தி கையில் சோற்றுக் கரண்டியோடு மடத்தின் பின்கட்டில் நின்றார். மடத்து அம்மா பெரிய அண்டாவைப் படுக்கப் போட்டு, அதற்குள் தலையை விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தது முதுகு மட்டும்தான்.

"எது?" என்று அண்டா கேட்டது.

"மூணு மாசத்துக்கு முன்னாடி நீங்க சொன்ன உபதேசம்."

நார் தேய்க்கிற சத்தம் மட்டும் வந்தது.

மலைக்கோயிலுக்கு நடந்து போகிற பாதையில் அதுதான் கடைசி மடம். அங்கே மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் ஜனங்கள் படியேறுவார்கள். தை மாதம் முழுக்கப் பந்தி ஓயாது. அந்த மாதம் மட்டும் தினமும் பாயசம் உண்டு.

அம்மாவின் பெயர் சௌந்தரம். முப்பத்தெட்டு வயது. பழைய சாமியார் காலத்தில் பாத்திரம் தேய்க்க வந்தவர். சாமியார் கண்ணை மூடுகிற நேரத்தில், மடத்தை யாரிடம் விடுவார் என்று படித்தவர்கள் எல்லாம் சுற்றி நின்று காத்திருந்தார்கள். அவர் பின்கட்டுப் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மடம் கைக்கு வந்த பிறகும் அம்மா பாத்திரம் தேய்ப்பதை விடவில்லை. ஞானம் வேண்டும் என்று வருகிறவர்கள் இந்த ஈரத்தில் நின்றுதான் கேட்க வேண்டும்.

தாண்டவமூர்த்திக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். ஆள் வாட்டசாட்டம். மடத்து வாசலில் நுழையும்போது கொஞ்சம் குனிந்து, கொஞ்சம் ஒருக்களித்து வர வேண்டியிருக்கும். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் கட்டிக்கொடுத்த ஊரில் நன்றாக இருக்கிறாள், இனி நமக்கென்று ஒரு வழி வேண்டும் என்று வண்டியை விற்றுவிட்டு வந்தவர். தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவரை அவர் அம்மா என்றார். அம்மா அவரை அண்ணே என்றார். இரண்டு பேருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

வந்த அன்றைக்கு உபதேசம் கேட்டார். அம்மா ஒரே வாக்கியம் சொன்னார்.

"உங்ககிட்ட எப்படி நடந்தா உங்களுக்குப் பிடிக்குமோ, அப்படியே மத்தவங்ககிட்ட நடந்துக்குங்க."

தாண்டவமூர்த்திக்குச் சப்பென்று போயிற்று. இந்த மாதிரி வாக்கியங்களை அவர் எத்தனையோ லாரிகளின் முதுகில் படித்திருக்கிறார். மேட்டில் முந்த முடியாமல் பின்னாலேயே போகும்போது ஒரே வாக்கியத்தை அரை மணி நேரம்கூடப் படித்திருக்கிறார். இதற்காகவா வண்டியை விற்றோம் என்று நினைத்தார். ஆனால் வாக்கியத்தோடு சேர்த்துச் சோற்றுக் கரண்டியையும் அம்மா அவர் கையில் கொடுத்தார். கரண்டியைப் பிடித்ததும் வாக்கியமும் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

அவரிடம் எப்படி நடந்தால் அவருக்குப் பிடிக்கும்? அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. இலையில் சோறு குவிந்திருக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் அந்தக் குவியலுக்கு மேலே பாதிதான் தெரிய வேண்டும்.

அப்படியே அவர் பரிமாறினார்.

'போதும்' என்ற சொல்லை அவர் நம்புவதில்லை. அது வாய் பேசுகிற பேச்சு, வயிற்றைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை என்பது அவர் கட்சி. அதற்கு ஒரு சோதனையும் வைத்திருந்தார். இலைக்குக் குறுக்கே கையை நீட்டிப் போதும் என்கிறவர்களின் விரல்களைப் பார்க்க வேண்டும். விரல்களுக்கு நடுவே சந்து இருந்தால் அது பொய்ப் போதும். மூன்று மாதத்தில் சந்தில்லாத கை ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை. மனுஷக் கை அப்படித்தான் இருக்கும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

கையை எடுக்காதவர்களுக்குக் கைமேலேயே சோறு விழுந்தது.

ஜனங்கள் தவித்துப்போனார்கள். சாப்பிட்ட வயிற்றோடு படியேற முடியாமல் இருபதாவது படியிலேயே படுத்துவிட்டவர்கள் உண்டு. பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு ஓடினவர்கள் உண்டு. பந்திக்கு வரும்போதே, அந்தப் பெரிய ஆள் எந்த வரிசை என்று விசாரித்துவிட்டு எதிர் வரிசையில் இடம் பிடித்தார்கள். மிஞ்சின சோறெல்லாம் மடத்துப் பசுவுக்குப் போயிற்று. ஒரு வாரத்தில் பசுவும் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஏகாம்பரம் தினமும் மலையேறிவிட்டு மடத்தில் சாப்பிடுகிறவர். தனக்குச் சர்க்கரை நோய் என்று தாண்டவமூர்த்தியிடம் பதமாக எடுத்துச் சொன்னார். தாண்டவமூர்த்திக்கு மனசு உருகிவிட்டது. பாவம், இந்த மனுஷனால் பாயசம் சாப்பிட முடியாதே என்று, அதற்கும் சேர்த்துச் சோறு வைத்தார். மறுநாள் முதல் ஏகாம்பரம் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இலைமேல் கூடாரம் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

கடைசியில் சமையல்காரர் மாசிலாமணி வாயைத் திறந்தார். சமைக்கிற சோற்றில் பாதி மாட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தன்னால் முடியாது என்றார். நாளை மறுநாளுக்குள் கரண்டி கை மாற வேண்டும், தாண்டவமூர்த்தியை விறகுக் கொட்டகைக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். விறகு யாரிடமும் போதும் என்று சொல்லாது, அங்கே அவர் இஷ்டப்படி அடுக்கட்டும் என்றும் சொன்னார்.

அதைக் கேட்டுத்தான் தாண்டவமூர்த்தி பின்கட்டுக்கு வந்திருந்தார். அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. இந்த மூன்று மாதம் மாதிரி அவர் வாழ்க்கையில் எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. கரண்டி போனால் மடத்தில் இருக்க மனசு வராது. மடத்தை விட்டால் போவதற்கு ஓர் இடமும் இல்லை.

"எனக்கு எப்படிப் போட்டாப் பிடிக்குமோ அப்படித்தான் போட்டேன். ஒருத்தருக்கும் பிடிக்கலை. உபதேசத்துல எங்கியோ ஓட்டை இருக்குங்கம்மா," என்றார்.

அம்மா அண்டாவிலிருந்து வெளியே வந்தார். மூக்கில் சாம்பல். கையை நீட்டிக் கரண்டியை வாங்கிக் கழுவி, பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

"நாளைக்கு நீங்க பந்தியில உட்காருங்க. நான் பரிமாறுறேன்," என்றார்.

தாண்டவமூர்த்தி பூரித்துப்போனார். மடத்து அம்மா அதுவரை யாருக்கும் பரிமாறியதில்லை. மறுநாள் காலைப் பலகாரத்தைக்கூட வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தார்.

அம்மா வந்தார். இலையில் ஒரு கைப்பிடி சோறு வைத்தார். ஒரே ஒரு கைப்பிடி. அதன்மேல் ரசம். ஓரத்தில் உப்புப் போடாமல் வேகவைத்த பாகற்காய்.

ஆரம்பம் இப்படித்தான் இருக்கும் என்று தாண்டவமூர்த்தி நினைத்தார். இரண்டே வாயில் இலை காலியாயிற்று. நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கம்மா."

அம்மா கனிவாகச் சிரித்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

இரண்டாவது தடவை கேட்டார். அம்மா பாகற்காய் வைத்தார். மூன்றாவது தடவை கேட்டார். அம்மா தண்ணீர் ஊற்றினார். நாலாவது தடவை அவர் கேட்டது பக்கத்து வரிசைக்கே கேட்டது. ஏகாம்பரம் துண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார். பாயச வாளி வந்தது. அவர் இலைக்கு நேரே வந்ததும் அம்மா சைகை காட்ட, அது நிற்காமல் போய்விட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் பசு தின்பதைத் தாண்டவமூர்த்தி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

விடிந்ததும் பின்கட்டுக்குப் போனார்.

"இது நியாயமாம்மா?"

"எது?" இன்றைக்குக் கேட்டது இட்லிக் கொப்பரை.

"நேத்து எனக்குப் போட்ட சோறு."

"நான் சாப்பிடுற மாதிரியேதான் உங்களுக்கும் போட்டேன்."

"இன்னும் போடுங்கன்னு வாய் விட்டுக் கேட்டேனே."

"எத்தனை தடவை?"

"நாலு தடவை."

"நான் நம்பலை," என்றது கொப்பரை.

ஏகாம்பரத்தின் துண்டு தாண்டவமூர்த்தியின் கண்முன்னால் வந்து நின்றது. கைமேல் சோறு விழுந்த மனிதர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். அவருக்குக் காதெல்லாம் சூடாயிற்று.

ஆனாலும் லாரி ஓட்டினவர். லேசில் வழி விட மாட்டார்.

"அப்ப உபதேசம் தப்புதானுங்களே. எனக்குப் பிடிச்சது அவங்களுக்குப் பிடிக்கலை. உங்களுதும் எனக்குப் பிடிக்கலை. ஆளுக்கு ஆள் வேற வேற. அப்புறம் எப்படி எனக்குப் பிடிச்ச மாதிரி நடக்கிறது?"

அம்மா கொப்பரையிலிருந்து தலையை வெளியே எடுத்தார்.

"உங்களுக்கு என்னண்ணே பிடிக்கும்?"

"இலை நிறையச் சோறு."

"எப்ப இருந்து?"

தாண்டவமூர்த்தி அதை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களும் இல்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

பதினொரு வயதில் அப்பா செத்துப்போனார். சித்தப்பா கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். அங்கே ஏற்கெனவே நாலு பிள்ளைகள். இவர் ஐந்தாவது. ராத்திரி எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தால் ஆளுக்கு ஒரு கரண்டி சோறு விழும். இவர் முறை வரும்போது சித்தி அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே, போதுமாடா என்று கேட்பாள்.

"நான் போதும் சித்தின்னு சொல்லுவேன். சரின்னு போயிரும். தினமும் இதேதான்."

"சித்தி கெட்டவங்களா?"

"சேச்சே. கேக்காம ஒரு நாளும் விட்டதில்லை. அது பிள்ளைங்களைக்கூட அப்படிக் கேக்காது. என்னை மட்டும் கேக்கும்."

"என்னிக்காவது நிறையக் கிடைச்சுதா?"

"பொங்கலுக்குக் கிடைக்கும். ரெண்டு கரண்டி, மூணு கரண்டின்னு விழும்."

"வயிறு நிறையச் சாப்பிட்டீங்க."

"இல்லைங்கம்மா." அவர் சொல்லிவிட்டு, தானே அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டவர்போல் நிறுத்தினார். "எறங்கலை. அன்னிக்கும் சித்தி அடுப்பைப் பார்த்துக்கிட்டேதான் போதுமாடான்னுச்சு. நானும் போதும்னேன். முன்னாடி அத்தனை சோறு இருக்கு. எறங்க மாட்டேங்குது."

நார்ச் சத்தம் நின்றிருந்தது.

"அப்ப உங்களுக்குப் பிடிச்சது என்னண்ணே?"

தாண்டவமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். காலை எட்டு மணிதான் ஆகியிருந்தது.

"சித்தி ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம்," என்றார்.

அம்மா எழுந்து, கவிழ்த்து வைத்திருந்த கரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"பந்திக்கு அரிசி களையச் சொல்லணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று மதியம் மாசிலாமணி அடுக்களை வாசலில் வந்து நின்றார். தோளில் பயணப் பை தொங்கியது. சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தாலும் பையைக் கழற்றவில்லை. மறுபடி அந்தக் கரண்டி அதே கையில் இருப்பதைப் பார்த்ததும் பஸ் நேரம் என்ன என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார்.

தாண்டவமூர்த்தி வரிசையின் முதல் இலைக்கு வந்தார்.

அங்கே ஏகாம்பரம். எதிர் வரிசையில் இடம் கிடைக்காமல் மாட்டிக்கொண்டவர். ஒரு கரண்டி சோறு விழுந்ததும் துண்டை விரித்துவிட்டு, இரண்டு கையாலும் அணை கட்டிக்கொண்டு, போதும் என்றார்.

தாண்டவமூர்த்தி குனிந்தார். அவர் முதுகு அவ்வளவு தூரம் வளையும் என்று அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்தார்.

"சரிங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

ஏகாம்பரம் துண்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் பொறுத்துத் துண்டின் ஒரு மூலையைத் தூக்கி இலையைப் பார்த்தார். ஒரு கரண்டிச் சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. அவருக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்ததுபோலத் தெரிந்தது.

"ஏங்க," என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். "மோருக்கு ஒரு அரைக் கரண்டி."

தாண்டவமூர்த்தி அரைக் கரண்டி வைத்தார். அரைதான்.

வரிசை நகர்ந்தது. ஓர் ஆள் போதும் என்றான், போதும்தான். இன்னொருவன் போதும் என்றான், அவன் கண் கரண்டியிலேயே இருந்தது, அவனுக்கு விழுந்தது. ஒரு கிழவர் காது கேட்காமல், கேட்காததற்கும் சேர்த்துப் போதும் போதும் என்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாண்டவமூர்த்தி ரசம் கொண்டுவரச் சொன்னார். கிழவர் கேட்க நினைத்தது அதைத்தான்.

நடுவில் ஒரு புதுப்பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் மாமியார், மறு பக்கம் நாத்தனார். ஊரிலிருந்து நடந்தே வந்த கால் இரண்டும் வீங்கியிருந்தது. இலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், போதும் என்று சொன்னாள். அவள் சொன்னது அவளுக்கே கேட்டிருக்காது.

தாண்டவமூர்த்தி அங்கேயே நின்றார். அந்தக் குரல் அவருக்குத் தெரிந்த குரல்.

அவள் நிமிர்கிற வரைக்கும் நின்றார்.

"கரண்டி கனக்குது தாயி," என்றார். "இதை மட்டும் இங்க எறக்கி வச்சுட்டுப் போயிர்றேனே."

பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியாரும் திரும்பிப் பார்த்து, பெரியவர் கேட்கிறார் இல்லையா, வாங்கிக்கொள் என்றாள். கரண்டி இறங்கியது. இரண்டு தடவை கனத்தது.

அடுக்களை வாசலில் மாசிலாமணி பையைக் கழற்றிக் கீழே வைத்தார். அப்புறம் அது காலில் இடறுகிறது என்று சொல்லி எடுத்து உள்ளே மாட்டினார்.

வரிசையின் கடைசி இலையில் அம்மா உட்கார்ந்திருந்தார். எப்போதும் அடுக்களைக்குள் தனியாகச் சாப்பிடுகிறவர் இன்றைக்கு என்னவோ பந்திக்கு வந்திருந்தார். ஒரு கைப்பிடிச் சோறு, ரசம், ஓரத்தில் அந்தப் பாகற்காய்.

பின்னாலேயே பாயச வாளி வந்தது. தூக்கி வந்தவன் அம்மாவின் இலையைப் பார்க்காமலே தாண்டிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனான். அம்மாவுக்கு இனிப்பு ஆகாது என்பது மடத்தில் எல்லோருக்கும் தெரியும். தாண்டவமூர்த்திக்கும் தெரியும்.

ஆனால் அவர் அப்போது அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்திருந்தார். அம்மாவின் கண் வாளியோடு கூடவே கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்ததை அவர் பார்த்துவிட்டார்.

சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார். எட்டு வைத்துப் போய் வாளியைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்தார்.

"உங்களுக்கு இனிப்பு ஆகாதாம்மா?"

"யார் சொன்னது?"

"எல்லாரும்."

அம்மா பாகற்காயை இன்னும் ஓரத்துக்குத் தள்ளினார்.

"பாயசம் பத்தாத ஒரு நாள்ல, ஒரே ஒரு தடவை எனக்கு வேணாம்னு சொன்னேன்," என்றார். "ஒன்பது வருஷம் ஆச்சு."

தாண்டவமூர்த்தி ஒரு கரண்டி ஊற்றினார். அம்மா சாப்பிட்டார். புறங்கையில் வழிந்ததையும் விட்டுவைக்கவில்லை.

அடுத்த கரண்டி வாளியிலிருந்து எழுந்தது. அம்மா இலைக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

"போதும்ண்ணே."

விரல்களை அவர் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்து முகத்தைப் பார்த்தார்.

"கையை எடுங்கம்மா," என்றார். "பாயசம் சூடா இருக்கு."